நான்காம் அறையில் கேட்காத கேள்வி

கடிதம் வந்து பதினோரு நாளாயிற்று. சார் அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து, தினமும் வேலைக்குக் கொண்டுபோய் தினமும் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். வீட்டில் வைத்தால் மனைவி கண்ணில் படும். வேலை இடத்தில் வைத்தால் அங்கே தலைவியாக இருக்கும் வாயாடி கண்ணில் படும். எண்ணெய் கசிந்து உறையின் ஒரு மூலை மஞ்சளாகிவிட்டது.

சார் வேலை பார்த்தது ஒரு பிசியோதெரபி மையத்தில். மூட்டுவலிக்காரர்கள், எலும்பு கூடிய பிறகு நடை பழகுகிறவர்கள் என்று நாளுக்கு முப்பது பேர் வந்துபோவார்கள். சிகிச்சை தருகிறவர்களுக்கு நீலச் சட்டை, உதவியாளர்களுக்குப் பச்சை. சார் போட்டிருந்தது பச்சை. பச்சைச் சட்டைக்காரர் வெந்நீர்ப் பையைச் சுட வைக்கலாம், கட்டிலைத் துடைத்து விரிப்பு மாற்றலாம், நடக்கிறவரின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கலாம், பத்து வரை எண்ணலாம். மூட்டைச் சோதிக்கக் கூடாது, அளக்கக் கூடாது, இன்ன கோளாறு என்று வாய் திறக்கக் கூடாது. அதற்கெல்லாம் உரிமம் வேண்டும்.

அப்படிப்பட்டவருக்கு சார் என்ற பெயர் வந்தது மையத்தின் தலைவியால். பதினைந்து வருடத்துக்கு முன், வேறொரு நாட்டில், அவர் பிசியோதெரபிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது அவள் அவருடைய மாணவி. ஓயாமல் பேசுவாள் என்பதால் அவர் வகுப்பில் வைத்த பெயர்தான் வாயாடி. இப்போது நாலு பேர் முன்னால் அவளை மேடம் என்பார், மனசுக்குள் பழைய பெயர் போகவில்லை. அவளுக்கும் சார் என்கிற சொல் போகவில்லை. "சார், மூணாம் கட்டிலைத் துடைச்சிடறீங்களா?" என்று அவள் கேட்கும்போது புதிதாக வந்த நோயாளிகள், இதில் யார் பெரியவர் என்று புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

ஓரிடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர் இன்னோரிடத்தில் ஏன் கட்டில் துடைக்க வேண்டும் என்று கேட்கலாம். உரிமம் கிடைக்கும் வழி அப்படி. முதலில், படித்த கல்லூரி மதிப்பெண் பட்டியலை முத்திரையிட்ட உறையில் நேராக உரிமக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். நம் கையில் வாங்கிப் பிரித்துவிட்டால் செல்லாது. குழுவில் ஒருவர் உட்கார்ந்து, அந்தப் பாடத்தையும் இந்தப் பாடத்தையும் இரண்டு துணியை ஒன்றின்மேல் ஒன்று விரித்த மாதிரி வைத்துப் பார்ப்பார். எங்கே ஓட்டை தெரிகிறதோ அதைத் தனியாகப் படித்து அடைக்க வேண்டும். பிறகு கணினியில் இருநூறு கேள்வி. இதையெல்லாம் சார் ஊதித் தள்ளிவிட்டார்.

கடைசியாக ஒன்று இருக்கிறது. வரிசையாக எட்டு அறைகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதைப் படிக்க இரண்டு நிமிடம். மணி அடித்ததும் உள்ளே போக வேண்டும். கட்டிலில் நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்திருப்பார். மூலையில் தேர்வாளர், மடியில் அட்டை, கையில் பென்சில். பன்னிரண்டு நிமிடத்தில் மறுபடி மணி, அடுத்த கதவு. நான்காம் அறை பாதுகாப்புக்கான அறை. மற்ற ஏழிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும், நான்காம் அறையில் தவறினால் மொத்தமும் போச்சு.

சார் முதல் தடவை தவறியபோது, நேரம் போதவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள், அவர் உட்பட. இரண்டாம் தடவை எழுதிவிட்டு வந்து, இன்னும் முடிவு வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முடிவுதான் டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. மூன்றாவது தடவைதான் கடைசி. அதிலும் போனால் பட்டப்படிப்பை முதல் வருடத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் யார் படிப்பது?

வீட்டில் இந்தப் பேச்சை எடுக்கிறவர் மச்சான். மனைவியின் அண்ணன், அவர் வீட்டு மாடியில்தான் இவர்கள் குடியிருந்தார்கள். தெரிந்தவர்களிடமெல்லாம், எங்க மாப்பிள்ளை அங்கே பெரிய கை, இங்கே சட்டை மாறுவதற்குத்தான் காத்திருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தார். படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "என்ன மாப்பிள்ளை, நீலம் எப்போ?" சார் சிரித்துக்கொண்டே இரண்டு படியை ஒன்றாகத் தாண்டுவார்.

மூன்றாவது தடவைக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். இரண்டு தடவை தவறியவர், எதில் தவறினாரோ அதில், உரிமம் உள்ள ஒருவரின் கண்காணிப்பில் நாற்பது மணி நேரம் பழக வேண்டும். அவர் ஒத்துக்கொண்டு தன் உரிம எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பழக்காமலே போட்டுக்கொடுத்தது தெரிந்தால் அவருடைய உரிமத்துக்கே ஆபத்து. இந்த ஊரில் சாருக்குத் தெரிந்த உரிமக்காரி ஒருத்திதான்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பையோடு அவள் அறைக்குப் போனார். விண்ணப்பத்துக்கு முதல் பக்கமாக இணைக்க வேண்டிய முடிவுக் கடிதத்தை உருவிப் பையிலேயே விட்டுவிட்டு, கையெழுத்துப் போடும் பக்கத்தை மட்டும் நீட்டினார். அவள் ஒரு கையில் கரண்டியோடு அதை வாங்கிப் படித்தாள். பின்பக்கம் திருப்பினாள். மறுபடி முன்பக்கம் திருப்பினாள்.

"முதல் பக்கம் எங்க சார்?"

"அது... வீட்டுல இருக்கு."

"பை அங்கதான் இருக்கு. நீங்க அதையேதான் பாக்கறீங்க."

சார் பையைத் திறந்து, டிபன் பாக்ஸைத் தூக்கி, எண்ணெய் உறையை எடுத்துக் கொடுத்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் படித்தாள். சாருக்கு அது மனப்பாடம். அவள் கண் எந்த வரியில் இருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது.

நான்காம் அறை. வலது தோள் வலி. தேர்வர் தன் பெயரைச் சொல்லவில்லை. தொடுவதற்கு அனுமதி கேட்கவில்லை. நோயாளி இருமுறை வலிக்கிறது என்று சொன்ன பிறகும் கையை உயர்த்துவதைத் தொடர்ந்தார். அளவு துல்லியமானது.

அந்தக் கடைசி வரியைத்தான் சார் பதினோரு நாளாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அளவு துல்லியம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அப்புறம் என்ன? வேலை தெரியாதவனா நான்?

ஆனால் அவள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்த வரி நிற்கவில்லை. வேறொரு தாள் நினைவுக்கு வந்தது. அவளுடைய இறுதித் தேர்வில் அவர்தான் தேர்வாளர். கொடுத்தது பத்து நிமிடம். அதில் நான்கு நிமிடம் அவள் கட்டிலில் இருந்த பெண்ணிடம் பேசிக்கொண்டே இருந்தாள். இங்கே தொடப் போகிறேன், வலித்தால் உடனே சொல்லுங்கள், நிறுத்திவிடுவேன் என்று. மீதி ஆறு நிமிடத்தில் சோதனை முடியவில்லை. சார் அவளைத் தவறவைத்து, குறிப்பும் எழுதினார். பேச்சு அதிகம், கை குறைவு. எழுதிவிட்டு ஓய்வறையில் மற்ற ஆசிரியர்களிடம் சொல்லிச் சிரித்ததும் நினைவிருந்தது. அவளுக்கு நினைவில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

அவள் காகிதத்தை மடித்து வைத்தாள். சிரிக்கவில்லை. நாற்பது மணி நேரத்தை உண்மையாகவே செய்ய வேண்டும், இன்றைக்கே ஆரம்பிக்கலாம், பச்சைச் சட்டையோடுதான், நான் பக்கத்தில் நிற்பேன் என்றாள். இன்னொன்று. இந்த விண்ணப்பத்தில் தேர்வர் தன் சொந்த வார்த்தையில், ஏன் தவறினேன் என்று எழுதும் கட்டம் ஒன்று இருக்கிறது. சார் அதில் ஏற்கெனவே எழுதியிருந்தார். நேரம் போதவில்லை.

"இதை மட்டும் மாத்தி எழுதிட்டு வாங்க. அப்புறம் என் நம்பரைப் போடறேன்."

அன்று பிற்பகல் முதல் நோயாளி பஸ் டிரைவர். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முழங்கால் மூட்டு மாற்றி ஆறு வாரம். வாயாடி அவரிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கினாள். பிறகு சாரைப் பார்த்து, முதல் பத்து நிமிடம் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்றாள்.

சார் கட்டில் ஓரமாக நின்றார். கை இல்லாமல் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இருபது வருடமாக அறைக்குள் நுழையும்போது அவர் கைதான் முதலில் நுழையும். அவர் பின்னால் போவார்.

"என்ன சார், வீட்டுப்பாடம் எழுதலையா?" என்றார் பஸ் டிரைவர். "வாத்தியார் நிக்க வச்ச மாதிரி நிக்கறீங்க."

வாயாடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சார் தொண்டையைச் செருமினார். தன் பெயரைச் சொன்னார். இத்தனை வாரம் அந்த மனிதரின் இடுப்புப் பட்டையைப் பிடித்து நடந்தவர், இப்போதுதான் பெயர் சொல்கிறார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றார் டிரைவர். வழக்கமாக அந்த இடத்தில் சாரின் கை காலைத் தூக்கியிருக்கும். இப்போது கை பின்னால் இருந்ததால் வாய்தான் அடுத்ததைத் தேட வேண்டியிருந்தது. எதுக்காவது பயப்படறீங்களா என்று கேட்டுவிட்டார். ஏன் கேட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

பஸ் டிரைவர் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். போன வாரம் படி இறங்கும்போது அது மடங்கிவிட்டதாகவும், கைப்பிடியைப் பிடித்துத் தப்பித்ததாகவும், அன்றிலிருந்து இங்கே வரும் நாள் தவிர மாடியிலேயே இருப்பதாகவும் மெதுவாகச் சொன்னார். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று வாயாடி கேட்டாள்.

"யாரும் கேக்கலியே மேடம். வந்த உடனே தூக்கு, மடக்கு, பத்து எண்ணு. நான் பஸ்ஸுல ஏத்தின சனங்களையே இதைவிட விசாரிச்சிருக்கேன்."

பத்து எண்ணியவர் சார்தான்.

கை வைக்கலாம் என்று அவள் சொன்னபோது, தொடலாமா என்று சார் கேட்டார். நீங்க தூக்கறீங்களா, நானே தூக்கவா என்றார் டிரைவர். நீங்களே தூக்குங்க, நான் கீழே கை கொடுக்கிறேன் என்றார் சார். தொடை முன்னால் இருக்கும் பெரிய தசை அன்று வேறு மாதிரி இருந்தது. சொல்லாமல் ஒரு கை வந்து பட்டால், மூளை யோசிப்பதற்கு முன்பே தசை விறைத்துக்கொள்ளும். கதவை யாரோ தள்ளுகிறார்கள் என்று உள்ளேயிருந்து முட்டுக் கொடுக்கிற மாதிரி. சொல்லிவிட்டு வந்த கைக்கு அது விலகி வழிவிடும். இதை சார் இரண்டாம் வருட மாணவர்களுக்குப் படம் போட்டு நடத்தியிருக்கிறார். படத்தில் அம்புக்குறிகூட உண்டு.

மறுநாள் மாலை வீட்டில் சமையலறை மேசையில் விண்ணப்பத்தை விரித்து வைத்தார். நேரம் போதவில்லை என்பதை அடித்தார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. எதிரே மனைவி ஒரு டப்பாவை மேல் அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். இடது கையால் வைத்தாள். அவள் வலது கைக்காரி. ஒரு வருடமாக அவளுக்கு வலது தோள் இறுகிப்போயிருந்தது. அதற்கு வைத்தியம் பார்த்ததும் இவர்தான்.

"உன் தோளைக் கொஞ்சம் தொட்டுப் பாக்கலாமா?"

அவள் டப்பாவை வைத்துவிட்டுத் திரும்பினாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை அவர் அவளிடம் கேட்டதில்லை.

"வேணாம்."

"ஏன்?"

"வலிக்கும்."

"மெதுவாத்தான்..."

"எப்பவும் மெதுவான்னுதான் சொல்வீங்க. ரெண்டு மாசம் முன்னாடி பரீட்சைக்குப் பழகறேன்னு பிடிச்சுத் தூக்கினீங்களே, அன்னைக்கு ராத்திரி நான் உக்காந்துகிட்டே தூங்கினேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவை சொன்னேங்க. அவ்வளவுதான், அவ்வளவுதான்னு சொல்லிட்டே தூக்கினீங்க."

சார் எழுந்து போய்ப் பையிலிருந்து உறையை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் நின்றபடியே படித்தாள். நான்காம் அறை வரும் இடத்தில் விரல் வைத்து மறுபடி படித்தாள்.

"இது என்னைப் பத்தியா எழுதியிருக்காங்க?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் சாரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதுவரை அவருக்கு இருந்தது தோற்றுப்போன வெட்கம். பச்சைச் சட்டை, மச்சான், படிக்கட்டு எல்லாம் சேர்ந்த வெட்கம். அதை மறைத்து வைக்க ஒரு பை போதுமாக இருந்தது. இப்போது வந்தது வேறு. இருபது வருடத்தில் எத்தனை தோள், எத்தனை முழங்கால். எத்தனை பேர் இரண்டு தடவை சொல்லியிருப்பார்கள்? மூன்றாவது தடவை சொல்லாமல் பல்லைக் கடித்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றார். முகம் ஒன்றும் வரவில்லை, மூட்டுகள்தான் வந்தன.

மனைவி எதிரே உட்கார்ந்தாள். எண்ணெய்க் கறையை விரலால் தடவினாள்.

"இத்தனை நாளா நான் கட்டிக் குடுத்த சாப்பாட்டுக்கு அடியிலயா?"

"ஆமா."

"அண்ணன் கேட்டா என்ன சொல்றது?"

"ஃபெயில்னு சொல்லு. இல்ல, நானே சொல்றேன்."

அன்று படியிறங்கிப் போய்ச் சொன்னார். மச்சான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார், பிறகு கூட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை விண்ணப்பம் வாயாடியின் மேசையில் இருந்தது. கட்டத்துக்குள் சாரின் எழுத்து: நோயாளி வலிக்கிறது என்று சொன்னது எனக்குக் கேட்டது. அளவு முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது என்பதால் நிறுத்தவில்லை. இருபது வருடமாக இப்படித்தான் செய்திருக்கிறேன். என் மனைவிக்கும்.

அவள் பேனாவை எடுத்துத் தன் உரிம எண்ணை ஒவ்வோர் இலக்கமாக எழுதினாள். சார் போகாமல் நின்றார்.

"உனக்கு நான் போட்ட மார்க்..." என்று ஆரம்பித்தார். மேடம் என்பது வாயில் வரவில்லை.

"பேச்சு அதிகம், கை குறைவு" என்றாள் அவள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே. "அதனால ஆறு மாசம் வீட்டுல உக்காந்திருந்தேன் சார். எங்கப்பா ஊர்ல தலை காட்டல."

"தப்பு என்னோடது."

"தெரியும் சார். அப்பவே தெரியும்." கையெழுத்தைப் போட்டு மூடியை மாட்டினாள். "மூணாம் கட்டில் ஈரமா இருக்கு, பாருங்க."

சார் போய் மூன்றாம் கட்டிலைத் துடைத்தார்.

நாற்பது மணி நேரமும் முடிந்தது. தேர்வு நாளில் நான்காம் கதவில் ஒட்டியிருந்த தாளில் மறுபடி தோள்தான் இருந்தது. உள்ளே ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி கையை மடியில் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சார் பெயரைச் சொன்னார். தொடலாமா என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றாள் அவள்.

அது அவளுக்குச் சொல்லிக் கொடுத்த வசனம். சாருக்கு அது தெரியும். இருந்தும் சமையலறை மேசை கண்முன் வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதுவரைக்கும் தூக்கினால் வலிக்கிறது, எது பயமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் அவள் சரி என்று சொன்னபோது மணி அடித்துவிட்டது. தோளைத் தொடவே இல்லை. ஐந்தாம் கதவுக்கு நடக்கும்போது, போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

முடிவு வந்த அன்று உறையைப் பிரிக்காமல் மனைவியிடம் கொடுத்தார். அவள் பிரித்துப் படித்துவிட்டு, தேறிட்டீங்க என்றாள். கீழே நான்காம் அறைக்கு ஒரு குறிப்பு இருந்தது; அதையும் படித்தாள். அளவு எடுக்கப்படவில்லை. காத்திருந்தது சரி.

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குச் சந்தோஷம் வந்தது, ஆனால் அது யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி மாதிரி வாசலிலேயே நின்றது. மனைவி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப பாருங்க."

"என் கை ஜில்லுன்னு இருக்கும். பரவாயில்லையா?"

"இருக்கட்டும்."

"வலிச்சா..."

"சொல்றேன். நிறுத்தணும்."

அவள் கையைத் தானே தூக்கினாள். சார் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு கூடவே போனார். போதும் என்று அவள் சொன்ன இடத்தில் நிறுத்தினார். கோணமானியை, இரண்டு கரம் வைத்த அந்தப் பழைய பிளாஸ்டிக் அளவுகோலை, தோளில் வைத்துப் படித்தார். நூற்றிருபத்தெட்டு.

தப்பாகப் படித்துவிட்டோமோ என்று இன்னொரு தடவை படித்தார். அதே எண். நான்கு மாதத்துக்கு முன் பரீட்சைக்குப் பழக அவர் பிடித்துத் தூக்கி அளந்தபோது நூற்றுப் பத்தோடு நின்றது. அந்த எண்ணைத் துல்லியம் என்று குறித்து வைத்திருந்தார். நடுவில் வேறு வைத்தியம் எதுவும் இல்லை. ஓர் இறுகிய தோள் தானாகவும் கொஞ்சம் இளகும் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். கொஞ்சம் இளகும். பதினெட்டு டிகிரி அவ்வளவு சீக்கிரம் இளகாது. அதில் பெரும்பங்கு தோளுக்குச் சொந்தமானதே இல்லை, அவர் கைக்கு எதிராகத் தசை கொடுத்த முட்டு.

"எவ்வளவு?" என்று கேட்டாள் மனைவி.

சார் எண்ணைச் சொன்னார். போன தடவை எவ்வளவு என்று அவள் கேட்டாள். அவர் அதையும் சொன்னார்.